கொளத்துக் கரைக்கு எத்தன எக்ஸ் வேணும் டீச்சர்

தேரூர் பக்கத்துல இருந்து ரிட்டயர்டு பிஸிக்ஸ் டீச்சர் ஒருத்தங்க எழுதியிருக்காங்க. தெனமும் காலைல கொளத்துக் கரைல நடக்கப் போறாங்களாம், கூழைக்கடாவும் நாரையும் கண்ணு முன்னால நிக்குது, போன்ல எடுத்தா வெள்ளப் புள்ளியாத்தான் வருதாம். துபாய்ல இருக்க மகன் நிக்கான் பி1000 கொண்டு வாறேன், 125 எக்ஸ் ஜூம்னு சொல்லுறாரு. நாகர்கோவில்ல ஒரு கடைல பி950 போதும்ங்குறாங்க, இன்னொரு கடைல கேனன் எஸ்எக்ஸ்70 காட்டுனாங்க, அங்கன நின்ன பையன் இதெல்லாம் பழசு மேடம் மிரர்லெஸ் (லென்ஸு மாத்திப் போடுற கேமரா) எடுங்கன்னுட்டான். கைல எழுபதாயிரம் வரைக்கும் இருக்கு, வலது மணிக்கட்டுல வலி உண்டு, பறவைதான் முக்கியம், ஆனா பேரப்பிள்ளைங்க, சுசீந்திரம் தேரோட்டம், முடிஞ்சா நிலா, இதெல்லாமும் எடுக்கணும். எது வாங்கட்டும்னு கேட்டிருக்காங்க.

டீச்சர், உங்க கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன். இருபது வருசத்துக்கு மேலா கேமரா தூக்குறேன், கல்யாண வேலைதான் சோறு போடுது, கூடவே கடைல லென்ஸ் கழட்டி கிளீன் பண்ணுற வேலையும் பாக்குறேன், அதனால வாங்கும்போது எப்படி இருக்கும்ங்குறது மட்டும் இல்ல, ரெண்டு வருசம் கழிச்சு எந்தக் கோலத்துல என் மேசைக்கு வரும்ங்குறதும் தெரியும். நேரா சொல்லிருதேன், உங்களுக்கு 125 எக்ஸ் வேண்டாம். மகன் பாசத்துல சொல்லுறாரு, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா வேண்டாம். ஏன்னு சொல்லுதேன், நீங்க பிஸிக்ஸ் எடுத்தவங்க, கணக்கு போட்டே பாத்துரலாம்.

மொதல்ல இந்த எக்ஸ். கடைல இத வச்சுத்தான் ஆள மயக்குறாங்க. 125 எக்ஸ்னா 125 மடங்கு பெருசா காட்டும்னு அர்த்தம் கெடையாது, லென்ஸோட கடைசி எம்எம்ம (குவிய தூரம், அது கூடக்கூட தூரத்துல உள்ளது கிட்டத் தெரியும்) ஆரம்ப எம்எம்மால வகுத்தா வர்ற நம்பர், அவ்வளவுதான். பி1000 ஆரம்பிக்கிறது 24, முடியுறது 3000, வகுத்தா 125. பி950 24ல இருந்து 2000 வரைக்கும், அது 83. எஸ்எக்ஸ்70 21ல ஆரம்பிச்சு 1365, அது 65. கல்யாணத்துல நான் மாட்டிட்டு நிக்குற 70-200 லென்ஸு இந்தக் கணக்குல மூணு எக்ஸுக்கும் கீழ. பறவைப் படத்தையே தொழிலா வச்சிருக்கவங்க தூக்குற 600 எம்எம் லென்ஸுல ஜூமே கெடையாது, திருப்புறதுக்கு ஒண்ணும் இல்ல, அப்போ அது மட்டமான லென்ஸா? அதனால எக்ஸ விட்டுருங்க, கடைசி எம்எம் எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க. 50 எம்எம்ம நம்ம கண்ணு பாக்குற அளவுன்னு வச்சுக்கிட்டா 1365ங்குறது 27 மடங்கு, 2000ங்குறது 40, 3000ங்குறது 60. பறவை பாக்குற பைனாகுலரே எட்டு இல்லன்னா பத்து மடங்குதான், அத நெனச்சுக்கிடுங்க.

(போன்ல 100 எக்ஸ்னு விளம்பரம் வருதே, அது போதாதான்னும் கேட்டிருந்தீங்க. போன் லென்ஸு உண்மையா இழுக்குறது மூணோ அஞ்சோ மிஞ்சிப்போனா பத்தோ தான், அதுக்கு மேல படத்த வெட்டிப் பெருசாக்கி சாப்ட்வேர் பூசி விடுறது. எறகுக்குப் போதாது.)

இப்போ உங்க கொளத்துக்கு வருவோம். கரைல நீங்க நிக்குற எடத்துக்கும் நாரை நிக்குற எடத்துக்கும் எவ்வளவு தூரம்? நீங்க எழுதல, ஆனா நானும் அந்தக் கரைல எத்தனையோ காலை நின்னவன், நல்லா படம் கெடைக்கிறது பெரும்பாலும் முப்பது மீட்டர்ல இருந்து எண்பது மீட்டருக்குள்ள. அம்பதுன்னு வச்சுக்கிடுங்க. முழு பிரேம் சென்சாரோட, அதாவது பழைய பிலிம் சைஸுல உள்ள படம் பதியுற சில்லோட, அகலம் 36 மில்லிமீட்டர், அத லென்ஸு எம்எம்மால வகுத்து தூரத்தால பெருக்குனா பிரேமுக்குள்ள எத்தன மீட்டர் அகலம் வரும்னு தெரிஞ்சிரும், பசங்களுக்கு நீங்க சொல்லிக்குடுத்த சர்வசம முக்கோணம் இல்ல, வடிவொத்த முக்கோணம், அதே கணக்குதான். 1365 எம்எம்ல அம்பது மீட்டருக்கு ஒண்ணேகால் மீட்டர் சொச்சம் வரும். 2000ல தொண்ணூறு சென்டிமீட்டர். 3000ல அறுபது சென்டிமீட்டர். கூழைக்கடா நீளம் மட்டும் ஒண்ணேகால்ல இருந்து ஒண்ணரை மீட்டர் டீச்சர்! மஞ்சமூக்கு நாரை நின்னா கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஒசரம். அப்போ மகன் கொண்டு வாற 3000 எம்எம்ம முழுசா இழுத்தீங்கன்னா கூழைக்கடாவுக்க தலையும் பாதிப் பையும்தான் பிரேமுல நிக்கும். 1365லயே அது பிரேம தாண்டிரும், நீங்களே ஜூம கொறைக்கணும். சின்னப் பறவைன்னா? வெண்மார்பு மீன்கொத்தி ஒரு சாண சொச்சம், 27 சென்டிமீட்டர்னு வையுங்க, அது கரண்ட் கம்பியில இருபது மீட்டர்ல இருக்கும், 1365ல பிரேமோட பாதிய நெறச்சிரும். வேற என்ன வேணும்.

3000 எம்எம் எதுக்குத்தான் ஆகும்னா, மணக்குடி கடப்புறத்துல நின்னு ஒரு கிலோமீட்டர் தள்ளி வாற வள்ளத்தப் பிடிக்கணும்னா ஆகும், அங்கன 1365ல 26 மீட்டர் அகலம் வரும், வள்ளம் மூணுல ஒரு பங்குதான் தெரியும், 3000ல பிரேம் பன்னெண்டு மீட்டர், வள்ளம் நெறைஞ்சு நிக்கும். கணக்கு சரிதான். ஆனா கணக்குல வராத ஒண்ணு நடுவுல இருக்கு, காத்து.

ஒரு மாசி மாசம் புத்தளம் உப்பளத்துல பூநாரை வந்திருக்குன்னு கேள்விப்பட்டு கூட்டாளி ஒருத்தன்கிட்ட பி1000 எரவல் வாங்கிட்டுப் போனேன். போய்ச் சேரும்போது மணி ஒம்பதரை ஆயிட்டு. வரப்புல ட்ரைபாட் போட்டு முழுசா இழுத்துப் பாத்தா, எளவு, பறவைக்கு கால் எது தண்ணி எது தெரியல. பாத்தி பாத்தியா உப்புத்தண்ணி வெயில்ல சூடேறி மேல காத்து அலையுது, அந்த அலைச்சல லென்ஸு அறுபது மடங்கு பெருசாக்கிக் காட்டுது. ரோஸ் கலர்ல ஏதோ கொதிக்கிற பாத்திரத்துக்குள்ள நெளியுற மாதிரி இருந்துது. அம்பது அறுபது படம் எடுத்தேன், வீட்டுல வந்து பாத்தா ஒண்ணுலகூட கண்ணு தெளிவில்ல. போகஸ் தப்பு இல்ல, கை நடுக்கமும் இல்ல, ட்ரைபாட்ல இருந்துது. வேற ஒரு நாள் விடியக்காலம் ஆறேகாலுக்கெல்லாம் அங்கன போய் நின்னு, குனிஞ்சு வரப்பு ஓரமாவே பையப் பைய கிட்டப் போயி, என் கைல இருந்த 400 எம்எம்ல எடுத்தேன், அதுதான் இப்பவும் கடை செவுத்துல தொங்குது. இத எதுக்கு இவ்வளவு நீட்டிச் சொல்லுதேன்னா, நம்ம ஊரு கடல், உப்பளம், வயப்பத்து, இது எல்லாத்துக்கு மேலயும் காலைல எட்டு மணி தாண்டுனா காத்து கலங்கிரும், அதுக்குப் பொறவு எவ்வளவு எம்எம் வச்சிருந்தாலும் பெருசாகுறது கலக்கம்தான்.

அடுத்து வெளிச்சம். இதுலதான் கடைக்காரங்க வாயே தொறக்க மாட்டாங்க. இந்த மூணு கேமராவுக்கும், பி1000, பி950, எஸ்எக்ஸ்70, உள்ள இருக்க சென்சார் ஒரே சைஸ், 1/2.3 இஞ்சுன்னு சொல்லுவாங்க, அளந்தா அகலம் 6.2 மில்லிமீட்டர் ஒசரம் 4.6. உங்க சுண்டுவெரல் நகத்தவிட சின்னது. அவ்வளவு சின்னதா இருக்கப்போய்த்தான் 3000 எம்எம் அளவு ஜூம கைல தூக்குற கேமராவுல அடக்க முடிஞ்சுது, பி1000 லென்ஸோட உண்மையான எம்எம் 539 தான், அந்த 3000ங்குறது முழு பிரேமுக்குச் சமமான கணக்கு. குடுக்குற வெலை என்னன்னா வெளிச்சம். எஃப்ங்குறது லென்ஸு வாய் தெறக்குற அளவு, நம்பர் ஏற ஏற வெளிச்சம் கொறையும். பி1000 ஜூம் இழுக்காதப்போ எஃப் 2.8, முழுசா இழுத்தா எஃப் 8, மூணு ஸ்டாப் போயிட்டு, எட்டுல ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ள போகும். பி950யும் எஸ்எக்ஸ்70யும் கடைசில எஃப் 6.5. நீங்க போறதோ காலைல ஆறு ஆறரைக்கு. கேமரா என்ன செய்யும், ஐஎஸ்ஓவ, அதாவது கொறஞ்ச வெளிச்சத்த கூட்டிக் காட்டுற அளவ, ஏத்தும், ஏத்துனா புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், அத மறைக்க கேமராவே படத்த தேய்க்கும், தேய்ச்சா எறகெல்லாம் மெழுகுல செஞ்ச மாதிரி ஆயிரும். இன்னொண்ணு, டிப்ராக்சன், நீங்க பிளஸ் டூவுல நடத்துனதேதான். எஃப் 8ல ஒரு ஒளிப்புள்ளி சென்சார்ல விழும்போது பத்து மைக்ரான் அகலத்துக்கு வட்டமா பரவுது, பி1000 பிக்சல் ஒண்ணோட அகலம் ஒண்ணரை மைக்ரான்கூட கெடையாது. அப்போ 3000ல எடுத்த படம் பெருசா இருக்கும், ஆனா அதுல புதுசா விவரம் ஏதும் பெருசா கூடிராது. கடைல பையன் காட்டுற நிலா வீடியோவ வச்சு இத முடிவு பண்ணாதீங்க, நிலா நல்ல வெளிச்சமான சாமான், கொளத்துல விடியக்காலம் நிக்குற நாரை அப்படி இல்ல.

அப்போ மிரர்லெஸ் சொன்ன பையன் சொன்னது தப்பான்னா, தப்பு இல்ல, அவன் சொன்னதுல பாதி சரி. கேனன் ஆர்50 மாதிரி ஒரு பாடி, அதுல ஆர்எஃப் 100-400 லென்ஸு போட்டா 640 எம்எம் வரைக்கும் எட்டும், சென்சார் பரப்பு மேல சொன்னதவிட பன்னெண்டு மடங்கு கிட்ட, விடியக்காலத்துப் படமெல்லாம் வேற தரத்துல நிக்கும், பறக்குற பறவையோட கண்ணத் தேடிப் பிடிச்சு போகஸ் பண்ணும். ரெண்டும் சேந்து ஒரு கிலோதான். ஆனா ரெண்டும் புதுசா வாங்குனா லட்சத்த தாண்டும், பொறவு பேரப்பிள்ளைய எடுக்க இன்னொரு லென்ஸு, மாத்தி மாத்திப் போடும்போது கடப்புறத்துக் காத்துல சென்சார் மேல தூசி. சோனி ஆர்எக்ஸ்10 நாலாவது மாடல்னு ஒண்ணு 2017ல வந்துது, 24ல இருந்து 600, கடைசிவரைக்கும் எஃப் 4 தான் ஏறும், ஒரு இஞ்ச் சென்சார், அதாவது நாலு மடங்கு பரப்பு, மழைத்தூத்தல் தூசி ஓரளவு தாங்கும். எனக்க மனசுக்குப் பிடிச்ச கேமரா அதுதான், ஒளிக்காமச் சொல்லுதேன். புதுசு உங்க கணக்குல அடங்காது, தெரிஞ்ச ஆளு கைல நல்லா வச்சிருந்தது வித்தா எடுக்கலாம், ஆனா வெயிட்டு 1095 கிராம், உங்க மணிக்கட்டு.

மணிக்கட்டுதான் டீச்சர் எனக்கு இதுல பெரிய விசயமாத் தெரியுது, நீங்க கடுதாசில ஒத்த வரில சொல்லிட்டுப் போயிட்டீங்க. பி1000 1415 கிராம். பி950 1005. எஸ்எக்ஸ்70 610 கிராம், உரிச்ச தேங்கா ஒண்ணு. பி1000ங்குறது ரெண்டு தேங்காய்க்கும் மேல, அத மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சுட்டு கூழைக்கடா தலையத் திருப்புறதுக்குக் காத்து நிக்கணும். கடைல ரெண்டு நிமிஷம் தூக்குறப்போ எல்லாரும் வெயிட் பரவால்லன்னுதான் சொல்லுவாங்க. நீங்க கேட்டு வாங்கி பத்து நிமிஷம் கண்ணுல வச்சுட்டே நில்லுங்க, கூச்சப்படாதீங்க, எழுபதாயிரம் குடுக்கப் போறது நீங்க. எனக்க கடைக்கு எத்தன பேரு வந்து 'நல்ல கேமராதான் அண்ணே, கொண்டு போகத்தான் மடியா இருக்கு'ன்னு அலமாரில கெடந்தத வித்துத் தரச் சொல்லியிருக்காங்க. நடக்கப் போகும்போது தோள்ல தொங்குனா தொந்தரவா இல்லாத கேமராதான் படம் எடுக்கும்.

அதனால உங்களுக்கு நான் சொல்லுறது எஸ்எக்ஸ்70. மணிக்கட்டு மருந்துல சரியாயிரும், தூக்கிப் பாத்தேன் ஒண்ணும் தெரியலன்னா பி950, அது பிடி நல்லா இருக்கும், டயல்ல பறவைக்குன்னே ஒரு மோடு உண்டு, நிலாவுக்கும் ஒண்ணு உண்டு, ஆட்டம் தாங்குறதும் நல்லா தாங்கும். ரெண்டுலயும் ரா பைல் (கேமரா தேய்க்காத பச்சைப் படம்) எடுக்கலாம், ரெண்டுலயும் கண்ணு வச்சுப் பாக்குற வியூபைண்டர் இருக்கு, அது இல்லாத ஜூம் கேமராவ யாரு சும்மா தந்தாலும் வாங்காதீங்க, நம்ம ஊரு வெயில்ல பின்னால இருக்க திரைல ஒரு மண்ணும் தெரியாது, பொறவு கண்ணோட ஒட்டிப் பிடிச்சாத்தான் கேமரா நெத்தில முட்டுக் குடுத்து ஆடாம நிக்கும். எஸ்எக்ஸ்70ல கொறையும் சொல்லிருதேன். 2018ல வந்த மாடல். பறக்குற பறவைய விரட்டிப் பிடிக்க அதுக்குத் தெம்பு பத்தாது, மேல வட்டம் போடுற செம்பருந்து கெடைக்கும், தண்ணியில விழுந்து எழும்புற ஆலா பத்துல ஒண்ணு கெடைச்சா சந்தோஷப்படுங்க. வெளிச்சம் வாறதுக்கு முன்னால எடுத்தா மேல சொன்ன மெழுகுதான். பேட்டரி முன்னூறு படம் கிட்ட தாங்கும், ஒண்ணு கூடுதலா வாங்கி வச்சுக்கிடுங்க. இந்த மாதிரி கேமராவெல்லாம் இப்போ கம்பெனிங்க கொறச்சுட்டாங்க, வெலையும் மாசத்துக்கு ஒண்ணா சொல்லுறாங்க, அதனால ஸ்டாக் இருக்குன்னு சொன்னா டப்பா சீல் பாத்து, சீரியல் நம்பர் பில்லுல எழுதி வாங்குங்க.

துபாய் விசயம். நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தராவது கடல் தாண்டி இருக்காங்க, வரும்போது கேமராவும் வரும். ஒரு ஆளு அப்படி வந்த கேமராவ என்கிட்ட கொண்டு வந்தாரு, ஆன் பண்ணுனா லென்ஸு பாதி வரைக்கும் வந்து கரகரன்னு நின்னுட்டு, லென்ஸ் எரர்னு எழுத்து. வாங்கி ஏழு மாசம். சர்வீஸ் சென்டர்ல, இந்த ஊரு வாரண்டி கார்டு இல்ல, காசு குடுத்தாத்தான் தொடுவோம்னு சொல்லிட்டாங்க, அவங்க சொன்ன காசு கேமராவோட பாதி வெலை. கழட்டிப் பாத்தா உள்ள பல்சக்கரத்துல ஒரு மணல் துணுக்கு, கடுகுல கால்வாசி இருக்கும். இந்த ஜூம் கேமராவுக்கெல்லாம் பெரும்பாலும் வாற சீக்கு இதுதான், அதனால இந்தியா பில், இந்தியா வாரண்டி கார்டு, இது ரெண்டும் உங்க கைல இருக்கணும். மகன்கிட்ட காச அனுப்பச் சொல்லுங்க, இங்கன வாங்குங்க, அவருக்க ஆசையும் நெறவேறுன மாதிரி இருக்கும்.

கடைக்குப் போகும்போது உங்க சொந்த மெமரி கார்டு ஒண்ணு கொண்டு போங்க. வாசல்ல நின்னு தெரு கடைசில இருக்க ஏதாவது ஒரு போர்டு எழுத்த முழு ஜூம்ல ரெண்டு, முக்கால் ஜூம்ல ரெண்டு, பாதில ரெண்டு எடுங்க. உள்ள டியூப்லைட் வெளிச்சத்துல அந்தக் கடைப் பையனையே ஒண்ணு எடுங்க. ரெண்டு கேமராலயும் இதையே செஞ்சு கார்ட வீட்டுக்குக் கொண்டு வந்து டிவில போட்டுப் பாருங்க, எழுத்தோட ஓரம் எதுல கோடா நிக்குது எதுல புகையுதுன்னு உங்களுக்கே தெரியும், அதுக்குப் பொறவு என்கிட்டகூட கேக்க வேண்டாம்.

வாங்குன பொறவு மெனுவுல போய் டிஜிட்டல் ஜூம (போன்ல சொன்ன வெட்டிப் பெருசாக்குற வேலை) ஆப் பண்ணுங்க, மொத வேலை அது. ஐஎஸ்ஓவ ஆட்டோல விடுங்க, ஆனா 800க்கு மேல போகாதபடி பூட்டிருங்க. கொளத்துக்க கெழக்குக் கரைல நின்னு மேக்க பாத்து எடுங்க, காலை வெயில் உங்க முதுகுல இருந்து பறவை மேல விழணும், எதிர்க்கரைல நின்னா எல்லாம் கறுப்பு உருவந்தான். நிக்குற பறவைக்கு ஷட்டர் தெறந்திருக்க நேரம் செகண்டுல 500ல ஒரு பங்கு இருந்தா நல்லது, பறக்குறதுக்கு 2000ல ஒண்ணு. பறவைய ஜூம்ல தேடாதீங்க, கிடைக்காது, மொதல்ல ஜூம கொறச்சு நடுவுல கொண்டு வந்து நிப்பாட்டி அப்படியே இழுங்க, இழுத்த பொறவு ஆள் நழுவிட்டா டக்குனு பின்னால போறதுக்கு ரெண்டு கேமராலயும் தனி பட்டன் உண்டு, அத கையப் பாக்காம அமுக்கப் பழகிக்கிடுங்க. இடது கை லென்ஸுக்கு அடில இருக்கணும், முழங்கை ரெண்டும் வயித்தோட ஒட்டி, பாரம் இடது கைக்குப் போனா வலது மணிக்கட்டு பொழைக்கும். ஒத்தக்கால் ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிட்டா இன்னும் நல்லது, நடக்கும்போது ஊன்றிக்கிடவும் ஆகும்.

கூடு வச்சிருக்க மரத்துக்கிட்ட மட்டும் எறங்கிப் போகாதீங்க. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022ல ராம்சார் அந்தஸ்து (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்ங்குற பட்டியல்) கெடைச்சதும் கேமராவோட வாற கூட்டம் கூடிப்போச்சு, நல்ல படத்துக்காக கல்லெறிஞ்சு பறவைய எழுப்புறவங்களையும் பாத்திருக்கேன், வயிறு எரியுது. நீங்க ஜூம் வாங்குறதே கரைய விட்டு எறங்காம இருக்கத்தான்.

பேரப்பிள்ளைங்கள வீட்டுக்குள்ள எடுக்குறதுக்கும் ராத்திரி சாமி வாகனம் எடுக்குறதுக்கும் உங்க போனே போதும், நெசமாச் சொல்லுதேன், அந்த வெளிச்சத்துல இந்தச் சின்ன சென்சார் கேமராவவிட இப்போ உள்ள போன் நல்லா எடுக்குது, அது ஒரே அமுக்குல பல படம் எடுத்துச் சேக்குது. மார்கழில தேரோட்டத்துக்கு கேமரா கொண்டு போங்க, பகல் வெளிச்சம், வடம் பிடிக்கிற கூட்டத்த 21 எம்எம்ல மொத்தமா ஒண்ணு, அப்படியே இழுத்து தேர் உச்சில உள்ள கும்பத்த ஒண்ணு, லென்ஸு மாத்தாம ரெண்டும் ஒரே எடத்துல நின்னு கெடைக்கும், ஜூம் கேமராவுக்கு உண்டான அழகே அதுதான். கன்னியாகுமரி போனாலும் அதே, வள்ளுவர் செலை 133 அடி, கரைல இருந்து அர கிலோமீட்டர்னு வச்சாலும் 1365ல அதுல முப்பது அடி கிட்டத்தான் பிரேமுக்குள்ள வரும், முகத்த மட்டும் தனியா எடுத்துரலாம்.

ஒண்ணே ஒண்ணு, சூரியன். அஸ்தமனத்துக்கு எல்லாரும் கேமராவ நீட்டுவாங்க, கடலத் தொடுற நேரத்துல செவந்து அடங்குனப்போ எடுக்கலாம், அதுக்கு முன்னால கண்ணு கூசுற சூரியன ஜூம்ல கொண்டு வராதீங்க, பூதக்கண்ணாடில பேப்பர எரிச்ச மாதிரிதான், உள்ள இருக்க தகடும் சென்சாரும் பொசுங்கிரும், அத யாரும் வாரண்டில எடுக்க மாட்டாங்க.

உப்புக்காத்தையும் சொல்லணும், எனக்க பொழப்பே அதுல ஓடுது. ஜூம் இழுக்கும்போது லென்ஸு வெளிய வருது, உள்ள காத்த உறிஞ்சுது, மணக்குடி பொழிமுகத்துல நின்னா உப்பையும் சேத்து உறிஞ்சும். வீட்டுக்கு வந்ததும் லென்ஸ உள்ள இழுக்குறதுக்கு முன்னாலயே ரப்பர் பந்து ஊதியால கழுத்த சுத்தி ஊதுங்க, துணிய வச்சுத் தேய்க்காதீங்க, மணல் உள்ள ஏறிரும். பொறவு லேசா நனைச்சுப் பிழிஞ்ச துணியால வெளிப்புறம் மட்டும் தொடச்சு, காஞ்ச துணியால ஒத்தி எடுங்க. தோல் பையில போட்டு பீரோல பூட்டாதீங்க. ஆனி ஆடிச் சாரல்ல ஒரு மாசம் அப்படிக் கெடந்தா போதும், கண்ணாடி மேல செலந்தி நூல் மாதிரி வெள்ளையா பூஞ்சை ஓடிரும், நான் கழட்டித் தொடச்சாலும் சில சமயம் கோட்டிங் அரிச்ச தழும்பு நின்னுரும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு, இருநூறு முன்னூறு ரூவாய்க்குக் கெடைக்கிற ஈரப்பத மீட்டர் ஒண்ணு உள்ள வச்சு நாப்பதுல இருந்து அம்பதுக்குள்ள முள்ளு நிக்குற மாதிரி பாத்துக்கிடுங்க.

நிலா கேட்டிருந்தீங்க. முழு நிலா 1365 எம்எம்ல பிரேமோட ஒசரத்துல பாதி வரும், தாராளம், குழியெல்லாம் தெரியும். 3000ல பிரேமுக்கு வெளிய வழிஞ்சிரும். ரெண்டு நிமிஷத்துல தன்னோட அகலம் அளவுக்கு நகந்துரும், அதனால ட்ரைபாட்ல வச்சு ஓரத்துல நிப்பாட்டி, அது நடுவுக்கு வாறப்போ எடுக்கணும். ஆட்டோல விட்டா வெள்ளத் தட்டா வரும், மேனுவல்ல போட்டு ஐஎஸ்ஓ 100, எஃப் 6.5, ஷட்டர் 250ல ஒண்ணு, ரெண்டு செகண்டு டைமர், கைய எடுத்துருங்க. நல்லா குழி தெரியணும்னா பௌர்ணமியவிட அதுக்கு ஒரு வாரம் முன்னால உள்ள பாதி நிலா நல்லது, நிழல் விழுந்து மேடு பள்ளம் எழும்பி நிக்கும். சித்ரா பௌர்ணமிக்கு கன்னியாகுமரில மேக்க சூரியன் எறங்கும்போது கெழக்க நிலா எழும்பும் பாருங்க, அந்த நேரம் அது கடலுக்கு மேல மங்கலா செம்பு கலர்ல இருக்கும், ஷட்டர 60க்கு எறக்கிக்கிடுங்க, மேல வரவர கூட்டிட்டே போங்க.